வள்ளி தலைக்குத் தண்ணி வார்த்தது யாரு?

என் பொன்னாத்தாளுக்கு,

முதல்ல உனக்கு வேண்டிய சேதியைச் சொல்லிப்போடறேன், மத்ததெல்லாம் பொறவு. நம்ம வள்ளி தலை சுத்தமா இருக்குது. பேன் இல்லை, ஈர் இல்லை, சிக்கு இல்லை. போன வாரம் உன் நங்கையா, அதான் எங்கக்கா, காரமடையிலிருந்து வந்து வகிடு வகிடாப் பிரிச்சுப் பாத்துட்டுப் போயிருக்குது. அதுகிட்ட நல்ல பேர் வாங்கறது எவ்வளவு சிரமம்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ போயி அரை வருசம் ஆச்சு. நீ இருந்தப்ப உனக்கு நான் ஒரு கடுதாசி எழுதினதில்லை. எழுதியிருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது, மடிச்சு அட்டாலிப் பரண்ல சொருகி வெச்சிருப்பே. இப்ப எழுதறதுக்குக் காரணம் வேற. மில்லுக்குப் பக்கத்து வாசகசாலையில நம்மாளுங்க மாசாமாசம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடறாங்க. "உன்ற சம்சாரத்து நெனப்பா ஏதாச்சும் எழுதிக் குடப்பா"ன்னு கேட்டாங்க. குலவிளக்கு அணைஞ்சுதுன்னு எழுதிக் குடுத்திருந்தா அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. உக்காந்து பாத்தேன், கை அதை எழுத மாட்டேங்குது. எழுத வந்ததெல்லாம் என்ற வெக்கக்கேடுதான். சரி, அதையே எழுதறேன். படிக்கறவங்க படிக்கட்டும்.

நீ போன பொறவு, காரியம் முடியற வரைக்கும் சொந்தபந்தம், ஒறம்பரைங்க இருந்து வள்ளியைப் பாத்துக்கிட்டாங்க. அவங்க போனதும் நானே சோறு பொங்கப் பழகினேன். புள்ளையோட துணியைத் துவைச்சேன், ஊடு கூட்டினேன். வளவுல அக்கம்பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க "பரவால்லியே, ஆம்பளையா இருந்துட்டு இத்தனை செய்யறாரே"ன்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற. ஆனா வள்ளிக்குத் தலைன்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு வெள்ளிக்கு வெள்ளி யாராச்சும் எண்ணெய் வெச்சு, பிசுக்குப் போக அரப்புத் தேச்சு, தண்ணி வார்க்கோணும்கறது என் புத்தியில ஏறவே இல்லை.

எப்படி ஏறும்? நீயும் அவளும் கிணத்தடியில தலைக்கு வார்த்துக்கறப்ப நான் மில்லுல இருப்பேன். பொழுதோட ஊட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் தலையை விரிச்சுப் போட்டுட்டு வாசல்ல நாயம் பேசிட்டு உக்காந்திருப்பீங்க. பொம்பளைங்க முடி தானாவே சுத்தமாகிக்கும்னு நெனச்சிருந்தேன் போல இருக்குது.

பள்ளிக்கூடத்துல அவளைத் தனியா உக்கார வெச்ச பொறவுதான் எனக்கு உறைச்சுது. அதையும் அவ வாயைத் திறந்து சொல்லலை. ஒருநாள் அந்தப் பக்கமாப் போனவன் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். புள்ளைங்கெல்லாம் ஒட்டுக்கா உக்காந்திருக்குது, வள்ளி மட்டும் செவுத்தோரமா, தனியா ஒரு பலகையில. தலையைச் சொறிஞ்சா எல்லாரும் பாப்பாங்கன்னு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அமுக்கிட்டு உக்காந்திருந்தா. ஒம்பது வயசுப் புள்ளை. உள்ளே போயி என்ன ஏதுன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்லை. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை மில்லு லீவு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துப்போடறதுன்னு வள்ளியைக் கிணத்தடிக்குக் கூட்டிட்டுப் போனேன். விளக்குக்கு ஊத்தற கொட்டமுத்து எண்ணெயைத் தலையில கவுத்தேன். கவுத்தேன்னுதான் சொல்லோணும், வெச்சேன்னு சொன்னா அது பொய்யி. பொறவு மில்லுல நாங்க கை கழுவற பார் சோப்பை எடுத்துத் தேய் தேய்னு தேச்சேன். மிசின் கிரீசே இதுக்குப் போகுது, எண்ணெய் போகாதான்னு என்ற கணக்கு.

டவுனுக்குச் சிறுவாணித் தண்ணி வந்துருச்சு, நம்ம வளவுக்கு இன்னும் அதே உப்புக் கிணறுதான். உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்கவே இல்லை. எண்ணெயும் சோப்பும் ஒண்ணாச் சேந்து வெள்ளை வெள்ளையா மெழுகு மாதிரி முடியில ஒட்டிக்கிச்சு. ஊத்த ஊத்த எச்சாச்சே தவிரக் குறையலை. காஞ்சதுக்கப்பறம் சீப்பு உள்ளே இறங்கவே இல்லை. புடிச்சு இழுத்தேன், புள்ளை அழுதுட்டா. டவுன் கடையில சீசாவுல ஏதோ விக்குதாம், துரைசானிங்க தலைக்குப் போடறதாம். அதை வாங்கலாமான்னுகூட யோசிச்சேன்னா என் நெலமையைப் பாத்துக்க.

இது பத்தாதுன்னு, தண்ணி சேந்த வந்த பொம்பளைங்க மூக்கு மேல விரலை வெச்சாங்க. "ஏனுங்க, ஞாயித்துக்கிழமை பொட்டப்புள்ளைக்கு ஆராச்சும் எண்ணெய் வெப்பாங்களா? செவ்வாயும் வெள்ளியும் எதுக்கு இருக்குது?" எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மில்லு லீவு என்னிக்குங்கறது மட்டுந்தான். சோறு பொங்கறப்பப் பரவால்லேன்னவங்க இப்ப முந்தானையை வாயில வெச்சுட்டுச் சிரிச்சாங்க. எனக்கு எங்காச்சும் போயி ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு.

சிரிக்காதவங்க பக்கத்து ஊட்டு ரங்கம்மா ஒருத்தர்தான். உனக்கு அவங்களைத் தெரியும், வாசகசாலையில படிக்கறவங்களுக்காகச் சொல்றேன். புருசனை இழந்தவங்க, மில்லுல ரீலிங் செக்சன்ல வேலை. அவங்க பேரை எழுதலாமான்னு கேட்டுட்டுத்தான் எழுதறேன். "எழுதறதுன்னா முழுசா எழுதிப்போடுங்க"ன்னாங்க. அன்னிக்கு அவங்க வாசல்ல நின்னுட்டே, "புள்ளையை இக்கட்டால அனுப்பி உடுங்க, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் வார்த்து உடறேன்"ன்னாங்க. நான் "வேண்டாமுங்க"ன்னுட்டேன். பொண்டாட்டி இல்லாதவன் ஊட்டுக்கும் புருசன் இல்லாதவங்க ஊட்டுக்கும் ஒரு புள்ளை வந்துபோச்சுன்னா வளவு என்ன பேசும்னு எனக்குத் தெரியாதா? அவங்க பேருக்கு என்னால ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு நெனச்சேன். இதை ஞாபகம் வெச்சுக்க, பொன்னாத்தா. பின்னால வேணும்.

தை நோம்பிக்கு எங்கக்கா வந்துச்சு. வள்ளி தலையைப் பாத்ததும் கொண்டு வந்த கூடையைக்கூட இறக்கி வெக்கலை.

"ஏன்டா தம்பி, தலைக்கு வார்க்க ஒரு பொம்பளை இல்லாத ஊட்டுல பொட்டப்புள்ளையை வெச்சுட்டு என்னடா பண்றே? இது தலையா, குருவிக்கூடா?"

"பாத்துக்கறனுங்க அக்கா."

"நீ பாத்த லட்சணந்தான் தெரியுதே. மாசித் தேர் நோம்பிக்கு முந்தி மறுக்கா வருவேன். அன்னிக்கும் இப்படியே இருந்துதுன்னா சாமிக்கு மொட்டையைப் போட்டு என்ற கூடவே வெச்சுக்குவேன். இல்லேன்னா நீ இன்னொருத்தியைக் கட்டு. ரெண்டுல ஒண்ணு."

கெட்ட மனசுல சொல்லலை, எனக்குத் தெரியும். அது ஊட்டுல எருமை இருக்குது, பாலு மோருக்குப் பஞ்சமில்லை. ஆனா வள்ளி அன்னிக்குப் பொழுதோட சிலேட்டைத் துடைச்சுட்டே கேட்டா, "அத்தை ஊருல பொட்டப்புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு உடுவாங்களாப்பா?" அக்கா தன் சொந்தப் புள்ளைங்களையே அனுப்பலை. அவ துடைச்ச சிலேட்டையே மறுக்கா துடைச்சுட்டு இருந்தா. அந்தப் புள்ளையும் போயிருச்சுன்னா இந்த ஊட்டுல நான் யாருக்குச் சோறு பொங்கறது?

அப்பத்தான் உன்ற அரப்பு டப்பாவை எடுத்தேன். நீ இலையை நெழல்ல காய வெச்சு, இடிச்சு, சலிச்சு வெச்சிருந்தது, பாதி டப்பா இருந்துச்சு. வெள்ளிக்கிழமைக் காலைச் சிப்டை இன்னொருத்தன்கிட்ட மாத்திக்கிட்டு மத்தியானச் சிப்டுக்குப் போனேன். எதுக்குன்னு மேஸ்திரி கேட்டப்ப, புள்ளைக்குத் தலைக்கு வார்க்கோணும்னு சொல்ல நாக்கு எழலை. "கோயிலுக்குங்க"ன்னுட்டேன்.

கிணத்தடிப் பக்கம் போகலை. கதவைச் சாத்தித் தாள் போட்டு, சமையக்கட்டு மூலையில அவளை உக்கார வெச்சேன். அங்கயும் மொதத் தடவை அரப்பைப் பொடியாவே எண்ணெய்த் தலையில அள்ளிப் போட்டுட்டேன். களிமண்ணு மாதிரி கட்டிக்கிச்சு. வள்ளி கண்ணை இறுக்கி மூடிட்டு, "அம்மா சோறு வடிச்ச கஞ்சியில கரைச்சுத்தான் போடுவாங்க"ன்னா. இதை மொதல்லயே சொல்லக் கூடாதா அம்மணின்னு கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லீங்களே"ன்னா.

அப்பறம் ஒவ்வொண்ணாக் கேட்டேன். கஞ்சி வெதுவெதுப்பா இருக்கோணும், கூழாட்டம் கரைக்கோணும். எண்ணெய்னா நல்லெண்ணெய், அதுவும் உள்ளங்கையளவு. அரப்பை நடு மண்டையில கொட்டாம பொடனியிலிருந்து மேல ஏத்தோணும். அவளுக்கு நெனப்பு இருந்தது அவ்வளவுதான். சிக்கு எடுக்கறது மட்டும் எனக்கே வந்துச்சு. மில்லுல நூல் சிக்கு உழுந்தா நடுவுல புடிச்சு இழுக்க மாட்டோம், நுனியிலிருந்து பிரிச்சுட்டு வருவோம். அதையே இங்கயும் செஞ்சேன். நாள்பட்ட அந்தச் சோப்புப் பிசுக்கு கஞ்சியும் அரப்பும் போடப் போடக் கொஞ்சங்கொஞ்சமா உட்டுச்சு. பேனுக்கு வேப்பெண்ணெயும் பேன் சீப்பும். நீ வார்க்கறப்பப் பாடுவியாமே, அந்தப் பாட்டை வேணும்னா நானும் பாடட்டுமான்னு கேட்டேன். "வேண்டாமுங்கப்பா, வெரசா ஊத்துங்க"ன்னுட்டா.

உன் டப்பா தீந்து போச்சு. கடையில போயி அரப்புக் கேக்க வெக்கம். மில்லுக்கு அந்தப் பக்கம் கரட்டுல அரப்பு மரம் நிக்குதில்ல, அங்க வள்ளியையும் கூட்டிட்டுப் போயி இலை உருவினேன். வழியில ஒருத்தர், "ஆட்டுக்குங்களா?"ன்னார். ஆமாமுங்கன்னேன். நம்ம ஊட்டுல ஆடு ஏது?

மில்லுல நெலமை இன்னும் மோசம். வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்குப் போறவன், மேலெல்லாம் ஒரு இலை வாசம், நகமெல்லாம் பச்சை. எனக்குப் "பூசாரி"ன்னு பேரே வெச்சுட்டாங்க. நம்ம சுப்பன் இருக்கானே, எங்கூட ரிங் பிரேம் மிசின்ல நிக்கறவன், அவன்தான் அதுக்குத் தலைவர். ஒரு சனிக்கிழமை வள்ளி எனக்குத் தூக்குப்போசியில சோறு கொண்டாந்து மில்லு கேட்டுல நிக்கறா. சுப்பன் என் கையைப் புடிச்சு எல்லாருக்கும் காட்டி, "பூசாரிக்கு நகத்துல பச்சையைப் பாருங்கப்பா, என்ன பூசையோ?"ன்னான்.

"வில்வம்"னு சொன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். வள்ளி சிரிக்கலை. என் நகத்தையே பாத்துட்டு நின்னா. அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் கேட்டா, "ஏனுங்கப்பா, நீங்க எனக்குத் தலைக்கு வார்க்கறதை ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுங்களா?"

"வேண்டாம் கண்ணு"ன்னேன்.

அவ ஏன்னு கேக்கலை. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்? இது ஆம்பளை செய்யற சோலி இல்லேன்னா? அப்ப அவ தலையைத் தொடறது எனக்குக் கேவலம்னு அவளே முடிவு பண்ணிக்கிட்டாளோ என்னவோ. இன்னிக்கு வரைக்கும் அதைக் கேக்க எனக்குத் தைரியம் இல்லை.

மாசி பொறந்து, தேர் நோம்பிக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை பொழுதோட அக்கா வந்துச்சு. வந்ததும் வள்ளியை மடியில இழுத்துப் போட்டுத் தலையைப் பிரிச்சுச்சு. பிரிச்சுட்டே போச்சு. மோந்து பாத்துச்சு. முடி கையில நிக்காம வழுக்கிட்டு ஓடுது. நான் அடுப்படியில வெங்காயம் உரிச்சுட்டு, கெலிச்சுட்டோம்னு மனசுக்குள்ள சிரிச்சுட்டு இருந்தேன்.

"அட, முடி பட்டாட்டம் ஆயிப்போச்சே. ஆரு அம்மணி உனக்குத் தலைக்கு வார்க்கறது?"

வள்ளி என்னைப் பாத்தா. நான் வெங்காயத்தைப் பாத்தேன்.

"பக்கத்து ஊட்டு ரங்கம்மாக்காளுங்க அத்தை"ன்னா.

சொல்லிட்டு மறுக்கா என்னைப் பாத்தா. சொல்லிக் குடுத்த பாடத்தைச் சரியா ஒப்பிச்சுட்டமான்னு கேக்கற மாதிரி. அவ எனக்காகச் சொன்னது, பொன்னாத்தா. அப்பனுக்குத் தலைகுனிவு வந்துரக் கூடாதுன்னு அந்தப் புள்ளையா யோசிச்சு ஒரு பொய்யைத் தயார் பண்ணி வெச்சிருந்திருக்குது.

அக்கா மூஞ்சி மாறுச்சு. "ஓ, நாயம் அப்படிப் போகுதா"ன்னு எந்திரிச்சு வாசலுக்குப் போச்சு. சிப்டு உட்ட நேரம், கிணத்தடியில வளவே நிக்குது. ரங்கம்மா இடுப்புல கொடத்தோட அப்பத்தான் தண்ணி சேந்திட்டுத் திரும்பறாங்க. அக்கா யாரையும் பாக்காம, எல்லாருக்கும் கேக்கற மாதிரி பேசுச்சு.

"பொண்டாட்டி போயி வருசம் திரும்பலே. அதுக்குள்ள புள்ளைக்குத் தலைக்கு வார்க்கற அளவுக்கு ஆள் வந்தாச்சு. இன்னும் என்னென்ன சோலிக்கு வர்றாங்களோ, நமக்கென்ன தெரியும்."

ரங்கம்மா நின்னுட்டாங்க. வள்ளி தலையை அவங்க ஒருநாளும் தொட்டதில்லை. யாரு வார்க்கறாங்கன்னும் அவங்களுக்குத் தெரியும், நடுவுல ஒரு செவுருதானே. சொல்லியிருக்கலாம். சொல்லாம என்னைப் பாத்தாங்க. நீயே சொல்லுன்னு உட்டுட்டாங்க.

நான் வாயைத் திறந்தா என்ற பேரு போகும். திறக்கலேன்னா அவங்க பேரு போகும். இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? ஆனா நான் யோசிச்சேன், பொன்னாத்தா. நின்னு யோசிச்சேன். சுப்பனும் நம்ம வளவுக்காரன்தான், சந்துப்பக்கமா நின்னு பீடி குடிச்சுட்டு இருக்கான், நாளைக்கு மில்லே சிரிக்குமேன்னு யோசிச்சேன். யார் பேருக்கு ஒண்ணும் வரக் கூடாதுன்னு வேண்டாம்னு சொன்னேனோ, அவங்க கொடத்தோட நடு வளவுல நிக்கறாங்க, நான் சுப்பனை நெனச்சுட்டு நிக்கறேன். இதை எழுதறப்பக்கூட உடம்பு கூசுது.

வள்ளிதான் என் வேட்டியைப் புடிச்சு இழுத்தா. "அப்பா, நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?"

அதுக்கப்பறம் நிக்க முடியலை. "அக்கா, அவங்க இல்லீங்க. நான்தான் வார்க்கறேன். வெள்ளிக்கு வெள்ளி நானேதானுங்க"ன்னேன்.

அக்கா நம்பலை. "அவளைக் காப்பாத்தறதுக்குப் பொய் பேசாதே. எந்த ஊருல ஆம்பளை பொட்டப்புள்ளைக்கு அரப்புப் போட்டான்?"

"வில்வம்னு சொன்னதுதானுங்க பொய்யி"ன்னேன். அக்காளுக்கு அது விளங்கலை. சுப்பனுக்கு விளங்குச்சு, பீடியைக் கீழே போட்டுட்டான்.

"சரி. நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே. இதே கிணத்தடியில வார்த்துக் காட்டு. பாக்கறேன்"னு அக்கா உள்ளே போயிருச்சு.

காலையில மொதச் சங்கு ஊதறதுக்கு முந்தியே சோறு வடிச்சுட்டேன். போசியில கஞ்சியும் அரப்பும் கரைச்சு எடுத்துட்டு, வள்ளியைக் கூட்டிட்டுக் கிணத்தடிக்குப் போனேன். வளவு மொத்தமும் வாசல்ல நிக்குது. மில்லுக்குப் போறவங்க போகாம நிக்கறாங்க. துவைக்கற கல்லு மேல அவளை உக்கார வெச்சு எண்ணெய் வெச்சேன்.

வள்ளி கண்ணை மூடி, தலையைப் பின்னால சாச்சு என் கைமேல உட்டுட்டா. கழுத்தை விறைச்சுக்கலை, கூட்டத்தைப் பாக்கலை. அவளுக்கு அது வழக்கமான வெள்ளிக்கிழமைதான். பொடனியிலிருந்து அரப்பை ஏத்தினேன், அடியிலிருந்து அலசினேன். "அப்பா, இந்தப் பக்கம் கஞ்சி பத்தாதுங்க"ன்னு சத்தமாவே சொன்னா. யாரோ ஒருத்தர் சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. அரப்புக் கண்ணுல பட்டுருச்சுன்னு நெனச்சிருப்பாங்க.

அக்கா கிட்ட வந்து குனிஞ்சு பாத்துச்சு. அப்பறம், "காதுக்குப் பின்னால அரப்பு நிக்குது பாரு, நல்லா அலசு"ன்னுச்சு. அவ்வளவுதான். ஈரத்தலையைத் தொவட்டறதுக்குத் தன் முந்தானையை அதுவே எடுத்துக் குடுத்துச்சு.

பொறவு நேரா ரங்கம்மா ஊட்டுக்குப் போயி, "ஏனுங்க அம்மணி, ஒரு சொம்பு மோர் இருக்குதுங்களா?"ன்னு கேட்டுச்சு. எருமை வெச்சிருக்கற ஊட்டுக்காரி. தாகத்துக்குக் கேக்கலைன்னு வளவுக்கே தெரியும். ரங்கம்மா உள்ளே போயி மோர் கொண்டாந்து குடுத்தாங்க. அக்கா அங்கயே நின்னு முழுசும் குடிச்சுட்டுச் சொம்பைக் கவுத்து வெச்சுட்டு வந்துச்சு. ஊருக்குக் கெளம்பறப்ப, "தேர் நோம்பிக்கு ரெண்டு பேரும் ஒட்டுக்கா வாங்க"ன்னுச்சு. ரெண்டு பேரும்னு சொன்னப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

அக்கா பாடு மோரோட தீந்துச்சு. என் பாடு தீரலை. அன்னிக்குப் பொழுதோட ரங்கம்மாகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லலாம்னு போனேன். அவங்க அதைக் கேக்கக்கூட இல்லை. "என்னை உடுங்க. அந்தப் பச்சப்புள்ளை வாயில பொய்யை வெச்சது ஆருங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. கேட்டுட்டு உள்ளே போயிட்டாங்க. நான் மில்லுல சொன்ன பொய்யி, கரட்டுல சொன்ன பொய்யி, எல்லாத்தையும் அவ பாத்துட்டுத்தானே இருந்திருக்கா. தலையில இருந்த பேனை எடுத்துட்டேன், இதை எதைப் போட்டு எடுக்கறது?

இன்னொண்ணு, உன்கிட்ட மட்டும். ஊரு படிக்கறப்ப உன்கிட்ட மட்டும்னு எப்படிச் சொல்றது, இருந்தாலும் சொல்றேன். நீ காச்சல்ல படுத்திருந்தப்ப, "தலை நமநமங்குதுங்க, ஆராச்சும் வந்தாங்கன்னா தண்ணி வார்த்து உடச் சொல்லுங்க"ன்னு கேட்டே. யாரும் வரலை. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்.

உனக்கும் தோணலை, எனக்கும் தோணலை. நான் வார்க்கறேன்னு சொல்லியிருந்தா நீ உட்டிருப்பியா? உன்னைத் தெரியாதா, "போங்க அக்கட்டால, ஆராச்சும் பாத்தா சிரிப்பாங்க"ன்னு தொரத்தியிருப்பே. கடைசியா உன்னைக் குளிப்பாட்டறப்ப எல்லாரும் வரிசையா வந்து உன் தலையில எண்ணெயும் அரப்பும் தொட்டு வெச்சாங்க. என்னையும் வெக்கச் சொன்னாங்க. அரப்புன்னா கையில எப்படி இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

நாளைக்கு இதை வாசகசாலையில குடுத்துருவேன். சுப்பன்தான் எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டறவன். படிக்கட்டும், பூசாரின்னு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்திப் படிக்கட்டும். மேஸ்திரிகிட்டயும் சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமைக் காலையில நான் வர மாட்டனுங்க, புள்ளைக்குத் தலைக்கு வார்க்கோணும்னு. அவர் தலையை ஆட்டினார்.

உனக்கு நான் குடுக்கற வாக்கு இதுதான். அவ கை பொடனிக்கு எட்டி அவளே தேச்சுக்கற நாள் வரைக்கும் வெள்ளிக்கிழமை தப்பாது. கதவு சாத்த மாட்டேன், கிணத்தடியிலதான். வள்ளியைக் கூப்பிட்டு, "இனி ஆரு கேட்டாலும் உள்ளதைச் சொல்லு அம்மணி"ன்னேன். அவ நம்பாம என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா. அப்பறம், "மில்லு கேட்டுலயுங்களா?"ன்னு கேட்டா.

மில்லு கேட்டுலயும்தான்னு சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
வள்ளி தலைக்குத் தண்ணி வார்க்கற
அவ அப்பன்.